இடது முன்சக்கரத்தில் வைத்த மஞ்சள் பொட்டு

என் பெயர் வேல்சாமி, வயது 46, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, காலமாகிவிட்டார். சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்குப் பக்கம். இருபத்திரண்டு வருடமாகத் திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றை ஒட்டிய வாடகை வீட்டில் தாயார் கோமதியம்மாளுடனும் மனைவியுடனும் குடியிருந்து, அதே பகுதியில் சொந்தமாக நான்குசக்கர வாகனப் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப் நடத்தி வருகிறேன். எனக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. எழுதியதை நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், தமிழ் எழுதத் தெரிந்த சிவில் போலீஸ் ஆபீசர் ரெம்யா அவர்கள், சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் இதைத் தமிழில் எழுதுகிறார்.

கடந்த மாதம் 15-ஆம் தேதி சனிக்கிழமை மாலை பாப்பனம்கோடு அருகே நடந்த பிக்கப் வண்டி விபத்தில் இறந்துபோன கலைச்செல்வி, வயது 39, என் உடன்பிறந்த தங்கை. அந்த வண்டியை ஓட்டிய அவளுடைய கணவர் தங்கபாண்டி, வயது 44, அஜாக்கிரதையாக வேகமாக ஓட்டி மனைவியின் மரணத்துக்குக் காரணமானார் என்று இந்த ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகி, அவரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஒப்புக்கொண்டது உண்மை அல்ல. அவர் மேல் குற்றம் இல்லை, குற்றம் என்னுடையது. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

இப்படிச் சொன்னால் வழக்கு என் பக்கம் திரும்பும் என்று சப் இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். ரெம்யா அவர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எழுதினா பின்ன மாத்த முடியாது, கேட்டோ. ஆலோசிச்சுச் சொல்லுங்க அண்ணா" என்றார். பதினெட்டு நாள் ஆலோசித்தாயிற்று, இனி எழுதுங்கள் என்று சொன்னேன்.

என் மாப்பிள்ளை தங்கபாண்டி தம்பானூரில் ஒரு ஓட்டலில் பதினெட்டு வருடம் தோசை மாஸ்டராக இருந்தவர். அவருக்கும் என் தங்கைக்கும் குழந்தை இல்லை. இருவரும் சேர்ந்து சொந்தமாக ரோட்டோரத் தட்டுக்கடை போட வேண்டும் என்று பல வருடம் பேசிப் பேசி, இந்த வருடம் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கூரை போட்டு, அடுப்பும் தோசைக்கல்லும் வைத்து, வண்டியிலேயே கடை அமைத்தார்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிமார் தம்பானூரில் வந்து இறங்குவார்கள், அதற்குள் கடை ஓட ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

வண்டி தயாரான பிறகு வீட்டு வாசலில் நிறுத்தி முதல் தோசை வார்த்துப் பார்த்தபோது, மாவு கல்லின் முன்பக்கமாக ஓடி, ஒரு பக்கம் அடை மாதிரி தடித்தும் மறுபக்கம் கருகியும் வந்தது. காரணம் என்னவென்றால், பிக்கப் வண்டிகள் பின்னால் பாரம் ஏற்றும்போது சமமாக நிற்பதற்காகக் கம்பெனியிலேயே பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் செய்யப்படுகின்றன. இவர்களுடைய அடுப்பும் தண்ணீர் டிரம்மும் வண்டியைச் சமமாக்குகிற அளவுக்குப் பாரம் இல்லை. கல்லுக்கு அடியில் தகடு வைத்துச் சரி செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். அதற்குத் தங்கை, "கல்லுக்குத் தகடு வப்ப, சாம்பார் வாளிக்கு? எடுத்து வார்க்கிற மனுசனுக்கு? நாள் பூரா சரிவுல நின்னா இவுக இடுப்பு என்னத்துக்கு ஆவும்? வண்டி மூக்கத் தூக்கி விடுண்ணே" என்றாள்.

மூக்கைத் தூக்குவதற்கு லெவலிங் கிட் என்று ஒன்று உண்டு. முன் ஸ்பிரிங்குகளின் மேல் தலையில் ஒன்றரை இஞ்ச் கனத்தில் பக்கத்துக்கு ஒரு இரும்பு வட்டையை வைத்து இறுக்கினால் முன்பக்கம் எழுந்து பின்பக்கத்தோடு சமமாகும். இங்கே ஜீப் வைத்திருக்கிற பையன்கள் அழகுக்காகப் போடுவார்கள், அப்படி நான் பதினைந்து இருபது வண்டிக்குப் போட்டிருக்கிறேன். தோசைக்காகப் போட்டது இது ஒன்றுதான். கிட் கூரியரில் 5-ஆம் தேதி வந்தது. மறுநாள் 6-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஹர்த்தால். ஊரில் ஒரு கடையும் இல்லை, வண்டியும் ஓடாது, வேறு வேலையும் வராது, அதனால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று வண்டியை முந்தின நாள் மாலையே ஒர்க்ஷாப்புக்குள் ஏற்றி வைத்தேன். என்னிடம் வேலை பார்க்கிறவர்கள் அன்று வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காலை எட்டு மணி முதல் நான் தனியாகத்தான் வேலை செய்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வட்டையை உள்ளே வைக்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை வண்டியின் மேல் இரும்புக் கையோடு பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் என்கிற மூட்டைப் பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பச் சேர்த்து நட்டை இறுக்கி, நட்டின் குறுக்கே ஓட்டை வழியாக ஒரு சின்ன கம்பி ஊசியைச் செருகி இரண்டு பக்கமும் மடக்கிவிட வேண்டும். அதற்குக் காட்டர் பின் என்று பெயர். அது இல்லாவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் கழன்றுவிடும். ஒருமுறை கழற்றிய பின்னை மறுபடி போடக்கூடாது, புதுசுதான் போட வேண்டும். கிட்டோடு அது வருவதில்லை.

என் ஒர்க்ஷாப்பில் இன்னொரு பழக்கமும் உண்டு. நட்டை இறுக்கி, பின் போட்டு மடக்கிய பிறகு, அதை இறுக்கியவன் எவனோ அவனே அதன் மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். ஒருவன் இறுக்கியதற்கு வேறொருவன் பொட்டு வைக்கக் கூடாது. பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, யாரும் மறுபடி தொட வேண்டாம், பொட்டு இல்லாவிட்டால் வண்டி வெளியே போகாது. இந்தச் சட்டத்தை வைத்தவன் நான்தான். இதை மீறினான் என்று மூன்று வருடம் வேலை பார்த்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்து வெளியே அனுப்பியிருக்கிறேன். இந்த வட்டாரத்தில் என் மஞ்சள் பொட்டைப் பார்த்தால் மற்ற ஒர்க்ஷாப்காரர்களும் அந்த இடத்தைச் சோதிக்காமல் விட்டுவிடுவார்கள்.

அன்று வலது பக்கம் முடிந்தது. டப்பாவில் இருந்த ஒரே ஒரு புதுப் பின்னை அதற்குப் போட்டேன். அதன் பிறகு இடது பக்கம் வட்டை வைத்து, நட்டை இறுக்கிப் பார்த்தபோது பின் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு ஃபோன் செய்ததில், ஹர்த்தால் அன்று கடை திறந்தால் கல் விழும், நாளைக்குக் காலையில் வா என்று சொல்லிவிட்டார். சரி, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், இன்று வண்டி உள்ளேதானே நிற்கப்போகிறது என்று எண்ணி, அந்த ஓட்டை வழியாக ஒரு துண்டு கட்டுக்கம்பியைச் செருகி முறுக்கி வைத்தேன். மறந்துவிடாமல் இருக்க அந்த நட்டுக்குப் பொட்டு வைக்கவில்லை.

மதியம் ஒரு மணி சுமாருக்குத் தங்கை கலைச்செல்வி சந்து வழியாக நடந்தே சாப்பாடு கொண்டுவந்தாள். புளிச்சோறும் பயறுத் துவையலும் வைத்திருந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து, கழற்றி வைத்திருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, நான் சாப்பிடுகிறவரை பேசிக்கொண்டிருந்தாள். கடைக்குப் பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தால் கண் படும் என்றாள். அதன் பிறகு பெயின்ட் டப்பாவைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். வேலை முடிந்ததற்கு அடையாளம் என்று சொன்னேன். "அப்ப என் வண்டிக்கு நான்தான் வப்பேன். நீ சோத்தத் தின்னு" என்று சொல்லிவிட்டு, பிரஷை எடுத்து, வலது பக்கத்தில் நான் ஏற்கெனவே வைத்திருந்த பொட்டுகளைப் பார்த்து அதே மாதிரி, இடது பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த நட்டுக்கெல்லாம் குனிந்து குனிந்து வைத்தாள். பால் ஜாயின்ட் நட்டுக்கும் வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒன்றை மட்டும் துடைத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் சோறு இருந்தது. அவளும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாக வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகு நாமே துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வேறு எவனாவது அதைச் செய்திருந்தால் கையை உடைத்திருப்பேன். சொல்லியிருந்தால் அவளே சிரித்துக்கொண்டு துடைத்திருப்பாள்.

அவள் போன பிறகு நான் துடைக்கவில்லை. சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தோசைக்கல்லின் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். எண்ணெய் எந்தப் பக்கமும் ஓடாமல் நடுவிலேயே நின்றது. அதைப் ஃபோனில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அந்தப் படமும் அதற்கு அவள் அனுப்பிய பதிலும் என் ஃபோனில் இருக்கின்றன, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வேறு சாமான்களோடு ஒரு பாக்கெட் காட்டர் பின்னும் வாங்கி வந்தேன். அதாவது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒர்க்ஷாப்புக்கு வந்து, வண்டிக்கு இடது பக்கம் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது. தெரிந்ததும் எழுந்துவிட்டேன். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக மஞ்சளைப் பார்த்தால் முடிந்தது என்று பழகிய கண், அந்த மஞ்சளை வைத்தது யார் என்று கேட்கவில்லை. வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரிக்காமலே மேசை டிராயரில் போட்டேன். அது இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.

அதன் பிறகு அன்றே வேறொரு கடையில் சக்கர அலைன்மென்ட் பார்த்தோம். அந்தக் கடைக்காரர்மேல் தவறு கிடையாது, அவரும் என் பொட்டை நம்பினவர்தான். 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கடை திறந்தார்கள். முதல் தோசையை என் தாயாருக்குக் கொடுத்தார்கள். தோசை வட்டமாக, ஒரே சீராக வந்தது.

14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணி சுமாருக்கு மாப்பிள்ளை தங்கபாண்டி எனக்குப் ஃபோன் செய்தார். அப்போது நான் ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்திருந்தேன். "மச்சான், ரெண்டு நாளா முன்னால இடப்பக்கம் கடக் கடக்குன்னு ஒரு சத்தம். பள்ளத்துல எறங்குனா கூடுதலா கேக்கு. ஒருக்கா கொண்டாந்து காட்டட்டா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் புதுச் சாமான் போட்டால் ஒரு வாரம் காது கூர்மையாகிவிடும் என்பது என் எண்ணம். "புது கிட்டு மாப்ள, செட்டாகிற வரைக்கும் சத்தம் இருக்கும். மஞ்சப் பொட்டு இருக்கான்னு பாருங்க" என்றேன். அவர் பார்க்கப் போன நேரத்தில் தங்கை ஃபோனை வாங்கி, "நான் வச்ச பொட்டுல்லா அண்ணே, பளிச்சுன்னு இருக்கு" என்றாள். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி நான் ஃபோனை வைத்துவிட்டேன். நான் வச்ச பொட்டு என்று அவள் வாயால் சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. இந்தப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. தங்கபாண்டி தம் வாக்குமூலத்தில் இந்தப் ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அறிகிறேன். ஃபோன் கம்பெனியில் கேட்டால் தெரியும்.

மறுநாள் 15-ஆம் தேதி மாலை நாலரை மணிக்கு, நேமம் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குத் தோசை போடுவதற்காக இருவரும் வண்டியில் போனார்கள். பாப்பனம்கோடு தாண்டி இறக்கத்தில் இடது முன்சக்கரம் மேல்பக்கம் பிடி விட்டுச் சாய்ந்து, வண்டி இடதுபுறமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு மதில்சுவரில் மோதியது. தங்கை இடதுபக்க சீட்டில் இருந்தாள். எனக்கு ஐந்தரை மணிக்குத் தகவல் வந்து, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு முன்பு இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அப்போது வராந்தாவில் போலீஸ்காரர் ஒருவர் மாப்பிள்ளையிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது, சட்டையெல்லாம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. "நான்தான் சார் வேகமா வந்துட்டேன், கை தவறிட்டு" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். கேட்டதும் எல்லார் முன்னாலும் அவரை அறைந்தேன். "ஏல, என் தங்கச்சியக் கொன்னுட்டியல" என்றேன். அவர் கையைத் தூக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

என் மாப்பிள்ளை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி ஓட்டாதவர். நடந்து போனால் உமக்கு முன்னால் போய்விடலாம் என்று நாங்களே அவரைக் கேலி செய்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் வேகமாக வந்தேன் என்று சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முந்தின நாள் பேசிய பேச்சு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லையா என்று சப் இன்ஸ்பெக்டர் இப்போது கேட்டார். வந்தது. கை ஓங்குவதற்கு முன்னாலேயே வந்தது. அதை அமுக்குவதற்காகத்தான் அவ்வளவு ஓங்கி அடித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தைக்காடு மயானத்தில் காரியம் முடிந்தது. என் தாயார் கோமதியம்மாள், இனி இவன் என் வாசலில் நிற்கக் கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நானும் சும்மா இருந்தேன்.

20-ஆம் தேதி வியாழக்கிழமை, வண்டியில் இருக்கும் தங்கையின் சாமான்களை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கி இந்த ஸ்டேஷன் வளாகத்துக்கு வந்தேன். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் அதற்கு முன்பே பார்த்து, மோதியதால் முன்சக்கரம் உடைந்தது என்று எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்மேலும் குறை சொல்ல முடியாது, மோதியது போலத்தான் கிடந்தது. தோசைக்கல்லையும் சட்டுவத்தையும் வாளிகளையும் எடுத்து வெளியே வைத்த பிறகு, மனசு கேட்காமல் குனிந்து இடது பக்கம் பார்த்தேன். மூட்டின் மரை ஒரு பல் கூட மழுங்காமல் புதுசாக இருந்தது, நட்டைக் காணவில்லை. மோதி உடைந்திருந்தால் நட்டு அங்கேயே இருந்திருக்கும், மரை நாசமாகியிருக்கும். ஓட்டையில் கட்டுக்கம்பித் துண்டு ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை என் கை முறுக்கிய முறுக்கு எனக்குத் தெரியாதா. அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காவலுக்கு நின்றவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, விதி என்று ஆறுதல் சொன்னார். அவர் திரும்பிய நேரத்தில் அந்தக் கம்பித் துண்டை உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது தவறு என்று தெரிந்தேதான் செய்தேன். அந்தக் கம்பியை ஒரு தீப்பெட்டியில் வைத்து இன்று இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயிலுக்குப் பயந்தேன். அதைவிட என் தாயாருக்குப் பயந்தேன். பெற்ற மகளைக் கொன்றது மருமகன் என்று நினைத்து அழுகிற அழுகையை அவரால் தாங்க முடிந்தது, மகன் என்று தெரிந்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாப்பிள்ளையை நாங்கள் கூப்பிடவில்லை. அவர் தாமாக வந்து, உள்ளே வராமல், தெருமுக்கில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். பந்தி முடிந்து இலை எடுக்கிறவரை வெயிலில் நின்றுவிட்டுப் போனார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்கு முன் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று 8-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். நட்டு, பின், கட்டுக்கம்பி, பொட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, நான்தான் கொன்றேன், உம்மையும் அடித்தேன், என்னைத் திருப்பி அடியும் என்று கேட்டேன். அவர் என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகு, "தெரியும் மச்சான்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது பின்வருமாறு. வண்டி சாய்வதற்கு முன் அந்தச் சத்தம் நின்றுவிட்டது, நின்றதும் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது, அப்போதே ஏதோ கழன்றுவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் போகும்போது தங்கைக்கு நினைவு இருந்திருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் கேட்டதையும் அண்ணனுக்கு ஃபோன் பண்ணுனதையும் யாருட்டயும் சொல்லாதீங்க. அண்ணன் தாங்க மாட்டாவ. கை தவறிட்டுன்னு சொல்லிருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது என்றார். அவ்வளவு வலியிலும் அவள் என்னை நினைத்திருக்கிறாள். இதைக் கேட்டபோது நான் அங்கே எப்படி நடந்துகொண்டேன் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து கதவை மறித்தார். "போவாதீங்க மச்சான். அவ எங்கிட்ட கேட்டது அந்த ஒண்ணே ஒண்ணுதான். கடைக்குப் பேரு வைக்கணும்னுகூடக் கேக்கல. அதையும் நான் செய்யாம விட்டா எப்பிடி?" என்றார். என் காலைப் பிடிக்க வந்தார். என்னைவிட வயதில் இளையவரானாலும் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அவர் என் காலைத் தொடும்படி நேர்ந்ததே எனக்குப் போதும். நான் அவர் கையை விலக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை என் தாயாரிடம் சொன்னேன். அவர் சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்து போனார். நான் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பஸ் ஏறி இங்கே வந்தேன். என்னை யாரும் மிரட்டவோ, ஆசை காட்டவோ இல்லை.

தங்கபாண்டி மேல் போட்ட வழக்கை எடுத்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அவர் முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்திருப்பார். என் தங்கை இறந்ததற்கு அவர் காரணம் அல்ல என்பதை அரசாங்கம் ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நான் வாயால் சொன்னால் அவர் நம்ப மாட்டார். வண்டியை மெதுவாக நிறுத்தியிருக்கலாமே, சத்தம் கேட்டபோதே ஓரங்கட்டியிருக்கலாமே என்று ராத்திரியெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதாக அவரே என்னிடம் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான்.

ரெம்யா அவர்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். வெளியே பெஞ்சில், நெற்றியில் தழும்போடு, மடியில் என் தாயாரின் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். நான் முடித்ததும் உள்ளே வந்து, வேல்சாமி சொன்னது எல்லாம் பொய், தங்கை செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துப் பேசுகிறான், நான்தான் வேகமாக வந்தேன் என்று சத்தியம் செய்வார். அவள் கேட்டதற்காகச் செய்வார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர் சொல்வதை எழுதாதீர்கள்.

நான் சொல்லி, ரெம்யா அவர்கள் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, பிறகு நானே ஒருமுறை வாசித்துப் பார்த்த இந்த வாக்குமூலத்தில் உள்ளவை யாவும் நான் செய்ததும் நான் கண்டதும் நான் கேட்டதுமே. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சு. வேல்சாமி
திருவனந்தபுரம், 9-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, பகல் 12.40

எழுதியவர்: ரெம்யா, சிவில் போலீஸ் ஆபீசர்